ஃபிளாஷ் ஜீரோவுல எதுக்குங் சாமி கை வெக்கறீங்க?

வாங்க இஞ்சினியரே, உக்காருங். சூலூர்க் கொளத்து மேல தேஜஸ் பறக்கற மாதிரி பழைய பி.எஸ்.பி.யில கேமு பண்ணிப்போட்டீங்களாமா. மெனுவுல பேரு மட்டும் தமிழ்ல வர மாட்டீங்குதாம். அதுக்காக மிஷினு வகுத்துக்குள்ளயே தமிழ் ஃபாண்ட்டைத் திணிக்கப் போறீங்களாம். உங்கப்பனும் இப்படித்தான், ஃபேனு சத்தம் போடுதுன்னு மோட்டாரைப் பிரிச்சவன்.

திணியுங், ஆரு வேண்டாங்கறா? 2004-ல சப்பான்ல வந்த மொத மாடலுக்கு உள்ள இருக்கறதே 32 எம்.பி. நேண்டு சிப்புத்தான். அதுல ஃபிளாஷ் 0-ங்கற பாகத்துல கே.டி. ஃபோல்டருக்குள்ள கெர்னல் மாடியூலு, வி.எஸ்.எச்.ல மெனு, ஃபாண்ட்டுல எழுத்து. இங்கிலீசுக்கு இருக்குது, சப்பானுக்கு இருக்குது, கொரியாக்காரனுக்கும் இருக்குது. நம்முளுக்குத்தான் எலை போடலை. ஃபிளாஷ் 1-ல செட்டிங்சு.

இந்த ஃபிளாஷ் 0 நம்மூரு ஏர்ஃபோர்ஸ் காம்பவுண்டாட்டம். வெளிய நின்னு பாத்துக்கலாம், உள்ள போயி ஆணி அடிக்கப்படாது. படிக்க மட்டுந்தான் மிஷினு அதைத் தொறந்து வெச்சிருக்குது. எழுதோணும்னா ஒருக்கா கழட்டிப்போட்டு, எழுதற மாதிரி மறுக்கா மாட்டோணும். அதுக்கும் பசங்க வழி கண்டுபிடிச்சுப்போட்டாங்க. பாதி எழுதறப்ப பேட்டரி தீந்துச்சுன்னு வெய்யுங், அப்பறம் மெனுவே வராது. போனாப் போகுது, என்ற பஞ்சாங்கம் காத்துல பறக்காம இருக்க ஒரு வெயிட்டு வேணும். நேண்டை மொத்தமா நகலெடுத்து வெச்சிருக்கீங்களா? இல்லயா? அப்பச் சரி, தைரியமா எறங்குங்.

உங்களுக்குன்னு விட்டது மெமரி ஸ்டிக்கு, எம்.எஸ். 0. அதுல பி.எஸ்.பி., அதுக்குள்ள கேம், அதுக்குள்ள உங்க ஃபோல்டரு, அதுக்குள்ள ஈபூட்.பி.பி.பி. இந்தக் கடசிப் பேரை இஷ்டத்துக்கு மாத்துனீங்கன்னா மெனு உங்களைக் கண்டுக்காது. பாக்க ஒரே ஃபைலு, உள்ள எட்டுச் சாமானத்துக்கு எடம்: பேரு எழுதற பாரம்.எஸ்.எஃப்.ஓ., ஐகான் படம், பின்னால விரியற படம், பாட்டு, உங்க ப்ரோக்ராமு, இன்னும் சிலது.

கோடு முழுக்க எம்.எஸ். 0-ன்னே அடிச்சு வெச்சிருப்பீங்க, தெரியாதா எனக்கு? 2009-ல வந்த பி.எஸ்.பி. கோ-வுல 16 ஜி.பி. உள்ளயே இருக்குது, அதும்பேரு ஈ.எஃப். 0. அதுல ஏத்துனா உங்க தேஜஸ் ரன்வேயைக் காணாம சுத்தும். கேமு எந்த எடத்துல இருந்து கெளம்புச்சுன்னு ஆர்க்வி ஜீரோ சொல்லுதல்ல? அதைக் கேட்டுக்கறதுக்கு என்ன கவுரவக் கொறச்சலு?

தமிழுக்கு வருவோம். ஐகான்ங்கறது 144-க்கு 80 பிக்சல் படம். படத்துல நீங்க என்ன பாசையில எழுதுனா மெனுவுக்கென்ன? பாரத்துல இங்கிலீசு இருந்துட்டுப் போகட்டும், படத்துல தமிழை எழுதிப்போடுங். கேமுக்குள்ள வேணுங்கற எழுத்தையும் படமாவே பண்ணி உங்க ஃபோல்டர்ல வெச்சுக்குங். ஃபிளாஷ் 0 பக்கம் தலை வெச்சே படுக்க வேண்டாம். எழுதறப்ப ஊர்ப்பேருல சூ-வை மட்டும் நெடிலாப் போடுங் சாமி. கல்யாணப் பத்திரிக்கையில 'சுலூர்'னு அடிச்சுக் கொண்டாந்து ஒறம்பரைக்கெல்லாம் குடுத்தவரு நீங்க.