எதைவிடச் சீக்கிரம்?

விளம்பர வாசகங்களைத் தமிழாக்குவதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். சோப்பு, பேட்டரி, பற்பசை, கொசுவிரட்டி எதுவானாலும் ஆங்கில மூலத்தில் ஒரு சொல் தவறாமல் இருக்கும்: ‘லாங்கர்’. நறுமணம் லாங்கர் நிற்கும். பேட்டரி லாங்கர் உழைக்கும். கொசு லாங்கர் நேரத்துக்கு எட்டிப் பார்க்காது. எழுதியவர் முற்றுப்புள்ளி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுகிறார். மாட்டிக்கொள்வது நான்.

என் அத்தை ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி, நான் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

“எதைவிடடா?”

“அதைச் சொல்லலை அத்தை.”

“சொல்லலைன்னா எதோட ஒப்பிடறான்? போன வருஷம் அவனே வித்த பேட்டரியோடயா, மெழுகுவத்தியோடயா?”

தமிழில் ‘விட’ தனியாக வெளியே கிளம்பாது. ஒரு பெயரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும்: நேற்றைவிட, அதைவிட, உங்கப்பனைவிட. ஆங்கிலத்தில் சொல்லின் வாலில் ஓர் ‘அர்’ ஒட்டினால் ஒப்பீடு தயார். எதனோடு ஒப்பிட்டார்கள் என்பது அவரவர் கற்பனை. கடைசியில் நான் ‘நீண்ட நேரம்’ என்று எழுதி, ஒப்பீட்டையே கழற்றி வைத்துவிடுகிறேன். இதுவரை எந்த நிறுவனமும் அது காணாமல் போனதைக் கண்டுபிடிக்கவில்லை.

எடை, உயரம் என்றால் ஆங்கிலமும் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறது. தராசு வைத்து மடக்கிவிடலாமே. காலம் என்று வந்தால்தான் கள்ளத்தனம். ‘ஓல்ட், ஓல்டர், ஓல்டஸ்ட்’ என்று பள்ளிக்கூடத்தில் படிப்படியாக ஏற்றினார்கள். நடைமுறையில் ‘ஆன் ஓல்ட் மேன்’ என்பவரைவிட ‘ஆன் ஓல்டர் மேன்’ இளையவர். ஓல்டர் மேன் காலையில் பூப்பந்து ஆடப் போகிறார். ஓல்ட் மேனுக்கு மாத்திரையை யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். வயதைக் கூட்டும் விகுதியைச் சேர்த்தால் பத்து வயது குறைகிறது. இதை விளக்கியதும் அத்தைக்கு ஆங்கிலத்தின்மேல் முதல்முறையாக மரியாதை வந்தது. “அப்ப என்னை யாராவது கேட்டா ஓல்டர்னே சொல்லு” என்றார்.

அடுத்தது ‘தி பெட்டர் பார்ட் ஆஃப் ஆன் அவர்’. மணி நேரத்தின் பெரும்பகுதி என்று பொருள். பெரும்பாலும் இதைச் சொல்கிறவர் எங்கேயோ வரிசையில் நின்று காலைக் கடுக்கவைத்துக்கொண்டு வந்தவராகத்தான் இருப்பார். அந்த ஒரு மணியில் அவர் நின்ற பகுதி எந்த வகையில் ‘பெட்டர்’? மிச்சமிருந்த பத்து நிமிடம் அதைவிடக் கேவலமாக இருந்திருக்க வேண்டும்.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது: ‘இன் லெஸ் தேன் நோ டைம்’. நேரமே இல்லாததைவிடக் குறைந்த நேரத்தில். இங்கே ‘எதைவிட?’ என்ற கேள்விக்கு விடை இருக்கத்தான் செய்கிறது, விடை பூஜ்யம். பூஜ்யத்துக்கும் கீழே போய் வேலையை முடித்துத் தருகிறேன் என்கிறவர், நாம் கேட்பதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். அப்படி யாரும் முடித்ததாகத் தெரியவில்லை.

இந்த ‘லெஸ்’ஸுக்குத் தனியாக ஒரு வழக்கே உண்டு. எண்ணக்கூடியவற்றுக்கு ‘ஃப்யூவர்’, அளக்கக்கூடியவற்றுக்கு ‘லெஸ்’ என்பது விதி. 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர், தமக்கு அப்படிச் சொல்வதுதான் நன்றாகப் படுகிறது என்று எழுதிவைத்த சொந்த ரசனை, பிறகு வந்த வாத்தியார்கள் கையில் சட்டமாகிவிட்டது. பிரிட்டனின் டெஸ்கோ கடைகளில் பத்துப் பொருளுக்குள் வாங்குகிறவர்களின் வரிசைக்கு மேலே ‘லெஸ்’ என்று தொங்கிய பலகை இலக்கணக் காவலர்களின் கண்ணை உறுத்தி, 2008-இல் ‘அப் டு’ என்று மாற்றப்பட்டது. அதே காவலர்கள் ‘லெஸ் தேன் ஃபைவ் மினிட்ஸ்’ என்றால் வாயைத் திறப்பதில்லை. தக்காளியை எண்ண வேண்டும். நிமிடத்தை அளந்து ஊற்றிக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்தில் வருவதாகச் சொன்ன எலக்ட்ரீஷியனுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது நியாயமாகவே படும்.

‘சூனர்’ என்ற சொல்லின் பூர்வீகம் இன்னும் அழகு. ‘சூன்’ பழைய ஆங்கிலத்தில் ‘உடனே, இந்தக் கணமே’ என்றுதான் பொருள்பட்டது. சொன்னவர்கள் உடனே வராததால் அது மெல்ல மெல்ல ‘கொஞ்ச நேரத்தில்’ ஆயிற்று. அந்த இடத்துக்கு ‘அனான்’ வந்தது; அதுவும் முதலில் ‘உடனே’, பிறகு ‘கொஞ்ச நேரத்தில்’. ‘பை அண்ட் பை’, ‘பிரசன்ட்லி’ இரண்டுக்கும் அதே கதி. ஒரு தேசமே நூற்றாண்டுக் கணக்கில் ‘இதோ வந்துட்டேன்’ என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கியதற்கு அகராதி சாட்சி. நேரம் தவறாமைக்கு வெள்ளைக்காரனைப் பார் என்று நம் பெரியவர்கள் சொல்லி வளர்த்தபோது இந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை போலும். சாதாரணச் சொல் நீர்த்துப்போனால் அழுத்தத்துக்கு ‘அர்’ சேர்க்க வேண்டியிருக்கிறது. ‘சூன்’ என்றால் நம்பிக்கை இல்லை, ‘சூனர்’ என்றால் ஏதோ கொஞ்சம்.

அந்தச் சூனரை வைத்து ஒரு மாநிலத்துக்கே பட்டப்பெயர் அமைந்தது அமெரிக்காவில். இன்றைய ஒக்லஹோமாவின் நடுப்பகுதியில் ஏறக்குறைய 20 லட்சம் ஏக்கர் நிலம். 1889 ஏப்ரல் 22, நண்பகல் 12 மணிக்கு எல்லை திறக்கப்படும். ஓடிப்போய் முதலில் கொடி நடுகிறவருக்கு 160 ஏக்கர். குதிரையிலும் வண்டியிலும் ரயிலிலும் கால்நடையாகவும் ஐம்பதாயிரம் பேர் அளவுக்குக் கூடினார்கள். பன்னிரண்டு அடித்ததும் புழுதி பறக்கப் பாய்ந்தார்கள். மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தால், நல்ல நிலத்தில் எல்லாம் ஏற்கெனவே ஒருவர் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். நேரத்துக்கு முன்பே திருட்டுத்தனமாக நுழைந்து புதரிலும் ஓடைப் பள்ளத்திலும் ஒளிந்திருந்தவர்கள். அப்படி முந்தியவர்களுக்கு நிலம் கிடையாது என்று சட்டமே இருந்தது. அவர்களுக்கு ஜனங்கள் வைத்த பெயர் ‘சூனர்ஸ்’. ஒருவர் நிலத்தில் வெங்காயம் நான்கு அங்குலம் முளைத்து நின்றதாம். இப்போதுதான் வந்தேன், மண் அவ்வளவு வளம் என்றாராம். கதைதான், ஆனால் வெங்காயம் பொய் சொல்லாது.

வழக்குகள் வருடக்கணக்கில் நடந்தன. பிறகு வசைச்சொல்லே பெருமையாகிவிட்டது. 1908-இல் ஒக்லஹோமா பல்கலைக்கழகம் தன் விளையாட்டு அணிக்கு ‘சூனர்ஸ்’ என்றே பெயர் வைத்தது. மாநிலத்துக்கும் ‘சூனர் ஸ்டேட்’ என்பது செல்லப்பெயர். தட்கல் டிக்கெட்டுக்குப் பத்து மணிக்கு முன்பே குறுக்கு வழி தேடுகிற நம்மவர்களுக்கு இப்படி ஒரு கௌரவம் இன்னும் கிடைக்கவில்லை. அத்தையிடம் இந்தக் கதையைச் சொன்னபோது வழக்கமான கேள்வி வந்தது. பன்னிரண்டு மணியைவிடச் சூனர் என்றேன். “அதுக்கும் முன்னாடி அந்த நிலம் யாருது?” என்றார். க்ரீக், செமினோல் பழங்குடிகளுடையது; 1866-இல் அரசாங்கம் ஒப்பந்தம் போட்டு வாங்கிக்கொண்டது. “அப்ப நிஜமான சூனர் அவங்கதானே?” அந்த அணிக்கு இப்படி ஒரு விமர்சகர் சென்னையில் இருப்பது தெரியாது.

‘நெக்ஸ்ட்’ என்பதும் இந்தக் குடும்பம்தான். அருகில் என்ற பொருளில் பழைய ஆங்கிலத்தில் ‘நை’. அதைவிட அருகில் ‘நியர்’. எல்லாவற்றிலும் அருகில் ‘நெக்ஸ்ட்’. அந்தக் கணக்குப்படி, புதன்கிழமை நின்றுகொண்டு ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்றால் நாளை மறுநாள். ஆனால் பாதி ஆங்கிலேயர்களுக்கு அது அடுத்த வாரத்து வெள்ளி. மிக அருகிலுள்ள வெள்ளிக்கு ‘திஸ்’ போட்டுவிட்டு, ‘மிக அருகில்’ என்ற சொல்லைத் தொலைவிலுள்ள வெள்ளிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

லெரா பொரோடிட்ஸ்கியும் மைக்கேல் ராம்ஸ்கரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் மக்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் ‘ஃபார்வர்ட்’ நகர்த்திவிட்டார்கள், எந்தக் கிழமை? திங்கள் என்பாரும் உண்டு, வெள்ளி என்பாரும் உண்டு. விமான நிலையத்தில், அப்போதுதான் பறந்து வந்து இறங்கியவர்கள் வெள்ளி என்று சொல்வது, அவர்களை வரவேற்கக் காத்திருந்தவர்களைவிட அதிகமாக இருந்தது. இந்த வம்பே வேண்டாமென்றுதான் நம் ஊர் அலுவலகங்கள் ‘ப்ரீபோன்’ என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. லண்டனிலிருந்து யாராவது அதைக் கேட்டுச் சிரித்தால், உங்கள் கூட்டம் திங்களா வெள்ளியா என்று கேளுங்கள். நாமும் ரொம்ப யோக்கியம் இல்லை: முன்னோர் பின்னால் இருக்கிறார்கள், முன்னேற்றம் எதிரே இருக்கிறது, இரண்டுக்கும் ‘முன்’தான். என்றாலும் ‘ரெண்டு நாள் முன்னாடி வெச்சுக்கலாம்’ என்றால் எந்தத் தமிழரும் வெள்ளிக்கிழமை வந்து நிற்கமாட்டார்.

கொசுவிரட்டிக்காரர்கள் எனக்குப் பணம் தர வேண்டியிருந்தது. ‘அட் யுவர் எர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’ என்று நயமாக எழுதினேன். ஆங்கிலத்தில் இதற்குமேல் அவசரப்படுத்த முடியாது. ஆனால் அவசரம் என்னுடையது, வசதி அவர்களுடையது. ‘சூனர் ராதர் தேன் லேட்டர்’ அனுப்புவதாகப் பதில் வந்தது. பிறகு நெடுநாள் சத்தமில்லை. அத்தைதான், “தமிழ்ல கேளுடா” என்றார். ‘நாளைக்குள் பணம் வேண்டும்’ என்று ஒற்றை வரி தட்டி அனுப்பினேன். அடுத்த நிமிடம் கணக்குப் பிரிவிலிருந்து போன்.

“என்ன சார், இவ்வளவு கோபமா எழுதிட்டீங்க? வெள்ளிக்கிழமை போட்டுடறோம் சார்.”

“எந்த வெள்ளி?”

“நெக்ஸ்ட் வெள்ளி சார்.”