தூக்குப்போசிக்குள் போன்

டவர் பெரியப்பா யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் கண் வைஃபை பெட்டியைத்தான் தேடும். “ஏங் கண்ணு, அதை அமத்திப்போடு. என்ற மண்டை கிர்ருங்குது.” கரண்டு போய் அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

ஆனால் போன் இல்லாமல் இருக்க முடியாது. அதனால் கதிர்வீச்சு வெளியே வராதபடி எவர்சில்வர் தூக்குப்போசிக்குள் போட்டு மூடி வைத்திருப்பார். மணியடித்தால் போசி திண்ணையில் நடுங்கிக்கொண்டே நகரும். மூடி இறுகியிருக்கும், நெம்பித் திறப்பதற்குள் கூப்பிட்டவர் வெறுத்துப்போய் நேரிலேயே வந்துவிடுவார். ஒருநாள் பெரியம்மா போசி மாற்றித் தோட்டத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். மத்தியானம் தேங்காய் போடுகிறவர் பசியோடு திறந்தால், அரிசிம்பருப்பு சோத்துக்குப் பதில் மாப்பிள்ளை கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

உள்ளபடி, சிக்னல் தேறாத இடத்தில் போன் டவரை எட்டிப்பிடிக்கக் கூடுதல் சக்தியோடுதான் அலையை விடும். டவர் எட்டப் போனால் காதோரம் வாங்குவது அதிகம். சொன்னால், “படிச்சவங்க அப்படித்தான் பேசுவீங்க” என்பார்.

2018-ல் ‘2.0’ படம் பார்த்ததிலிருந்து, அதில் பறவைகளுக்காகச் செல்போனை எதிர்க்கும் பட்சிராஜன் அவருக்குக் குலதெய்வம். ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட் போட்டவர் பெரியப்பாவேதான். ஆனால் குருவி கூடு கட்ட வராததற்குக் குற்றவாளி டவர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் ரேடியோ அலைகளை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது அவருக்கு மனப்பாடம். ஆசிய முறைக் காய்கறி ஊறுகாயும் அதே பிரிவுதான் என்றால், தட்டில் இருக்கும் ஊறுகாயை வழித்து நக்கியபடி பேச்சை மாற்றுவார். டவர் கதிர்வீச்சு வரம்பை இந்தியா 2012-லேயே சர்வதேச வரம்பில் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டது என்றேன், ஆறுதலுக்கு. “அப்ப அதுவரைக்கும் பத்து மடங்கு வுட்டுருக்கானுங்களா!” என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

மாடியில் டிடிஎச் கிண்ணம் இருக்கிறது. சுமார் 36,000 கி.மீ. உயரத்துச் சாட்டிலைட்டிலிருந்து அதில் இறங்குவது கதிர்வீச்சு இல்லை, பெரியம்மாவின் சீரியல்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் வடவள்ளிப் பக்கம் எங்கள் வீதிக்கு வரவிருந்த டவரை வீடுவீடாகக் கையெழுத்து வாங்கி விரட்டியவர் இவர். இப்போது வீட்டுக்குள் ஒரு கோடு சிக்னல் கிடையாது. அம்மாவுக்கு மூச்சுத் திணறிய ராத்திரி, 108-ஐக் கூப்பிட மொட்டைமாடிக்கு ஓடினேன். பக்கத்து மாடியில் பெரியப்பா நின்றிருந்தார், போனைக் காதோடு அழுத்தியபடி. டவர் வந்தால் என்னென்ன ஆகும் என்று பொள்ளாச்சிச் சம்பந்திக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.