பேன்ட் போட்ட பாட்டி

பேரன் பிறந்த செய்தியை வெளியே விடாமல் அமுக்குவதுதான் நட்சத்திர நடிகைகளின் வழக்கம். மார்லீன் டீட்ரிச்சுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1948-இல் மகளுக்குப் பிள்ளை பிறந்த சில வாரங்களிலேயே 'லைஃப்' பத்திரிகை அவரை அட்டையில் போட்டு, பாட்டியாகிவிட்டார் என்று ஊருக்கே தண்டோரா போட்டுவிட்டது. பாட்டி அசரவில்லை. உலகத்திலேயே கவர்ச்சியான பாட்டி என்ற பட்டத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

அப்போது பாட்டிக்கு என்ன வயது? பிறந்தது பெர்லினின் ஷோனெபெர்க் பகுதியில், 1901 டிசம்பர் 27 அன்று. ஆனால் பாட்டியின் வாயால் கேட்டால் சில வருடம் தள்ளுபடி கிடைக்கும். அம்மா பிறந்த வீட்டில் கடிகார வியாபாரம். முள்ளைப் பின்னால் திருப்பும் வித்தை ரத்தத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

பொய் என்று வந்துவிட்டால் பாட்டி கஞ்சத்தனம் பார்த்ததே இல்லை. இயக்குநர் ஸ்டெர்ன்பெர்க் தன்னை 'ப்ளூ ஏஞ்சல்' படத்துக்குப் பிடித்தபோது, தான் ஒன்றும் தெரியாத நாடகப் பள்ளி மாணவி என்பார். அந்த மாணவி அதற்குள் டஜனுக்கு மேல் மௌனப் படங்களில் நடித்து, கல்யாணம் முடித்து, நாலு வயதுப் பெண்ணுக்குத் தாயாகவும் ஆகியிருந்தார். கூடப்பிறந்தவர்கள்? யாருமில்லை, நான் ஒற்றைப் பிள்ளை என்பார். எலிசபெத் என்று ஓர் அக்கா சுகமாக இருந்தார். அக்காவும் அவர் கணவரும் பெர்கன்-பெல்சன் வதைமுகாமின் பக்கத்திலேயே ஜெர்மன் படையினருக்கு சினிமா கொட்டகை நடத்தியவர்கள். 1945-இல் அதை நேரில் பார்த்த பாட்டி, அவர்களுக்கு வழக்கு வராமல் இருக்க ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டு, அக்காவைத் தன் வாழ்க்கை வரலாற்றிலிருந்தே துடைத்துவிட்டார். சிரிக்கவும் முடியாத, திட்டவும் முடியாத பொய் அது ஒன்றுதான்.

உடை விஷயத்துக்கு வருவோம். 1930-இல் வந்த 'மொராக்கோ' படத்தில் ஆண்களின் கோட்டும் உயரத் தொப்பியுமாக வந்து, பாட்டு முடிந்ததும் ஒரு பெண்ணின் உதட்டில் முத்தம் வைத்தார். ஹாலிவுட் கண்டிக்குமா என்று பார்த்தால், ஆஸ்கருக்குப் பரிந்துரை செய்தது. அதே துணிச்சலில் 1933-இல் பேன்ட்டோடு பாரிஸில் போய் இறங்கினார். பெண்கள் பேன்ட் போட போலீஸ் அனுமதி வேண்டும் என்று 1800-இல் போட்ட உத்தரவு அந்த ஊரில் அப்படியே கிடந்தது. போலீஸ் மிரட்டியதாகக் கதை உண்டு. பாட்டி கழற்றியதாகக் கதை இல்லை. அந்த உத்தரவு செல்லாது என்று அரசு 2013-இல்தான் அறிவித்தது.

ஹாலிவுட்டுக்குப் போய்விட்டவரை ஹிட்லர் ஆட்சி ஜெர்மனிக்குத் திரும்ப அழைத்து ராணி மாதிரி வைத்துக்கொள்ளத் தூது விட்டது. இந்த ஒரு இடத்தில்தான் பாட்டி ஜாலம் எதுவும் செய்யாமல் முடியாது என்று சொல்லிவிட்டார். 1939-இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினார். போர் வந்ததும் வட ஆப்பிரிக்கா, இத்தாலி என்று அலைந்து, முன்வரிசைச் சிப்பாய்களுக்குப் பாடினார். ரம்பத்தை வில்லால் இழுத்து வாசிக்கும் வித்தையும் அவருக்குக் கைவந்தது. அதை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். பாவாடை கொஞ்சம் ஏறத்தான் செய்யும். சங்கீத ஞானமே இல்லாத படையினர்கூட மெய்மறந்து கேட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். 1947-இல் அமெரிக்க அரசு பதக்கம் குத்தியது.

பேரப்பிள்ளைகளைக் காட்டி ஓய்வெடுக்க வேண்டிய வயதில், 1953-இல் லாஸ் வேகாஸ் மேடை ஏறினார். ஜான் லூயி தைத்த அந்த கவுனைப் பார்த்தவர்கள், உள்ளே எதுவும் இல்லை என்று சத்தியம் செய்தார்கள். நிஜத்தில் தோல் நிறத்து மெல்லிய துணி, அதன்மேல் ஒவ்வொன்றாகக் கோத்த மணிகள், அடியில் மூச்சு முட்டப் பிடிக்கும் உள்ளுடை. விக்குக்குக் கீழே சொந்த முடியை இறுக்கிப் பின்னி முகத்தையே மேலே தூக்கிக் கட்டியிருப்பார். இந்த ரகசியங்களையெல்லாம் பிற்பாடு புத்தகம் எழுதிப் போட்டு உடைத்தது வேறு யார், பெற்ற மகள்தான்.

1960-இல் பெர்லினின் டைட்டானியா பலாஸ்ட் அரங்குக்குப் பாட வந்தபோது, எதிரிப் படைக்குப் பாடியவர் என்ற கோபத்தில் 'மார்லீன், வீட்டுக்குப் போ' என்று ஒரு கூட்டம் கத்தியது. பக்கத்துப் பேட்டையில் பிறந்தவர் வேறு எந்த வீட்டுக்குப் போவார்? பாடி முடித்துவிட்டுத்தான் போனார். இஸ்ரேலிலோ, மேடையில் ஜெர்மன் மொழியே கேட்கக்கூடாது என்றிருந்த காலத்தில் ஜெர்மனில் பாடிக் கைதட்டல் வாங்கினார்.

1975-இல் சிட்னி மேடையில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அதற்குப் பின் மேடை இல்லை. சில வருடத்தில் பாரிஸ் வீட்டுக் கட்டிலே கதி. நடிகர் மாக்ஸிமிலியன் ஷெல் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தார். பாட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, முகத்தைக் காட்டமாட்டேன், குரல் மட்டும்தான் என்றார். பாவம் ஷெல், 1984-இல் கதாநாயகியே தலைகாட்டாத படத்தை வெளியிட்டார். வேடிக்கை, அதுவும் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. வெளியுலகத்தோடு தொடர்பெல்லாம் தொலைபேசியில். பில்லை நினைத்துப் பாட்டி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

1992-இல் பாரிஸில் காலமானவரை பெர்லினில், அம்மாவின் சமாதிக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். அடுத்த வருடம் பெர்லின் நகரம் 50 லட்சம் டாலர் கொடுத்து அவருடைய பெட்டி படுக்கை அத்தனையும் வாங்கியது: 3,000-க்கு மேற்பட்ட துணிமணிகள், 15,000 புகைப்படங்கள், 3 லட்சம் பக்கக் காகிதங்கள். 2002-இல் கௌரவக் குடிமகள் பட்டமும் தந்தது. வாயைத் திறந்தால் தன்னைப் பற்றிக் கதை அளந்த பாட்டி, அதைச் சரிபார்க்க வேண்டிய ரசீதையும் கடிதத்தையும் ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். 3 லட்சம் பக்கத்தையும் எவன் உட்கார்ந்து படிக்கப்போகிறான் என்ற தைரியம்தான்.