குப்பை பொறுக்கினால் டிக்கெட்

ஜப்பானிய ரசிகர் மன்றங்களின் நேர்மையை மெச்சத்தான் வேண்டும். 'அராஷி' இசைக் குழுவின் மன்றத்தில் சேரக் கட்டணம் 1,000 யென்னாகவும் ஆண்டுச் சந்தா 4,000 யென்னாகவும் இருந்தன. கைமேல் கிடைத்த பலன் டிக்கெட் அல்ல. டிக்கெட் குலுக்கலுக்குப் பெயர் கொடுக்கும் பாக்கியம்!

டோக்கியோ டோம் அரங்கு சுமார் 55,000 பேரைக் கொள்ளும். மன்றத்திலோ 30 லட்சம் பேர் என்றன செய்திகள். குலுக்கலில் பெயர் விழாதவர்களுக்கு மின்னஞ்சல் வரும்: டிக்கெட்டைத் தயார் செய்ய இயலவில்லையாம். அதிலுள்ள பணிவைப் பார்த்தால், அச்சகத்தில் காகிதம் தீர்ந்துவிட்டதோ என்று நமக்கே இரக்கம் பிறக்கும்.

கள்ள விலைக்கு வாங்கவும் வழியில்லை. கூடுதல் விலைக்கு விற்பதைத் தொழிலாக வைத்திருப்பவருக்கு 2019 ஜூன் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆகவே ரசிகைகள் புண்ணியம் சேர்க்கிறார்கள். தெருக்குப்பையைப் பொறுக்கினால் குலுக்கலில் பெயர் விழும் என்பது நம்பிக்கை.

எவ்வளவு சிக்கனமான நகராட்சித் திட்டம்! சம்பளமில்லை, சீருடையில்லை, வேலை பார்ப்பவரே சந்தாவும் கட்டுகிறார். முடிவு வரும் வாரத்தில் ஒரு சிகரெட் துண்டுக்கு இரண்டு பேர் போட்டி.

ஒரே ஒரு குறை: அவ்வப்போது யாருக்காவது டிக்கெட் விழுந்து தொலைக்கிறது. அன்றோடு அந்தத் தெரு நாறிப்போகிறது. சுகாதாரத்தை முன்னிட்டு, அடுத்த முறை இருக்கைகளைப் பாதியாகக் குறைப்பதே முறை. சந்தாவை மட்டும் தொட வேண்டாம்.