லாபமே இல்லாத வியாபாரம்

பழைய கார் விற்கும் எந்த யார்டுக்குள் நுழைந்தாலும் தமிழ்நாட்டு மருத்துவத் துறையை நினைத்துக் கவலை வந்துவிடுகிறது. அங்கே நிற்கும் வண்டிகளில் பாதி டாக்டர் வண்டி. மீதியில் பாதி டாக்டர் வீட்டம்மா வண்டி. வாரம் ஒருமுறை கோயிலுக்கு எடுத்ததோடு சரி. மழையில் நனைந்ததில்லை, வெயிலில் நின்றதில்லை, மூன்றாவது கியரைக் கண்ணால் கண்டதில்லை. இத்தனை டாக்டர்கள் இத்தனை கார்களை வாங்கி வீட்டில் பூட்டி வைத்துவிட்டு நோயாளியைப் பார்க்க எதில் போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஈசிஆரில் ரேஸ் விட்ட கல்லூரிப் பையனும், ராத்திரி பகலாக ஏர்போர்ட் டிரிப் அடித்தவரும், பள்ளம் பார்க்காமல் ஓட்டிய மாமாவும் தங்கள் வண்டியை எந்த நாட்டில் கொண்டுபோய் விற்கிறார்கள் என்பதும் மர்மம்தான்.

இந்தப் புராணத்தைச் சொல்லும் தம்பி மீது எனக்குக் கோபமில்லை. டை கட்டி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மாதக் கடைசி டார்கெட்டுக்காக ஓடுகிற பிள்ளை அவன். சம்பளம் கொஞ்சம், மிச்சமெல்லாம் இன்சென்டிவ். கோபம் கண்ணாடி அறைக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பவர் மீது. அவரை நாம் பார்க்கவே மாட்டோம். "மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன் சார்" என்று தம்பி உள்ளே போவான். உள்ளே விலையைப் பற்றிப் பேசுவார்கள் என்று நாம் நம்புகிறோம். டீ வந்துவிட்டதா என்று பேசுவார்கள். திரும்பி வருபவன் முகத்தில் ஒரு துக்கம் இருக்கும். "உங்களுக்காக ரொம்பப் பேசினேன் சார். மூவாயிரம் குறைக்கச் சொல்லிட்டாரு."

அந்தியூர் மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். ஊரே சுற்றி நின்றாலும் விலை இருவருக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் மாடு எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்து பல்லைப் பார்க்கலாம், சுழி பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம். கார் சந்தையில் எல்லாம் தலைகீழ். விலையைக் கொட்டை எழுத்தில் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார்கள். துண்டு போட்டு மூடியிருப்பது மாட்டை.

டெஸ்ட் டிரைவ் என்று ஒன்று நடக்கும். நீங்கள் வருவதற்கு முன்பே இன்ஜினைச் சூடேற்றி வைத்திருப்பார்கள், காலைக் குளிரில் அது கக்கும் புகை உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை என்ற கரிசனத்தில். ஏசி முழு வேகத்தில், பாட்டு முழுச் சத்தத்தில். சஸ்பென்ஷன் முனகுவது இளையராஜாவைத் தாண்டிக் கேட்காது. சிக்னல் வரை போய் யூ-டர்ன் அடித்தால் டெஸ்ட் முடிந்தது. வேகத்தடை உள்ள தெருப் பக்கம் திருப்பினால் தம்பி பதறுவான்: "அந்தப் பக்கம் ரோடு வேலை நடக்குது சார்."

மீட்டர் 28 ஆயிரம் கிலோமீட்டர் காட்டும். குனிந்து டயரின் விலாவைப் பாருங்கள். நாலு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2018 மாடல் வண்டியில் நான்கு டயரும் 2321 என்றால், 2021-ன் 23-ஆவது வாரத்தில் பிறந்தவை. கோயிலுக்கு மட்டும் போன டாக்டர் மூன்றே வருடத்தில் நான்கு டயரைத் தேய்த்துத் தள்ளியிருக்கிறார். பக்தி! பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று இருக்கும், ஸ்டீயரிங் தோல் உரிந்திருக்கும், சீட்டு ஓரம் தொங்கியிருக்கும். எல்லாவற்றுக்கும் வயதாகியிருக்கிறது; மீட்டருக்கு மட்டும் ஒரு லேப்டாப்பின் அருளால் இளமை திரும்பியிருக்கிறது.

வெள்ளம் இன்னொரு அத்தியாயம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்களின் படங்களை எல்லோரும் பார்த்தோம். மூழ்கிய வண்டியை முழுச் சேதம் என்று காப்பீட்டு நிறுவனம் கணக்குத் தீர்த்தால், மிஞ்சிய உடல் ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுப்பவர் அதைக் கண்காட்சியில் வைக்கவா எடுக்கிறார்? ஆனால் எந்த யார்டிலும் இதுவரை ஒரு வெள்ளத்து வண்டியைக் கண்டதாக யாரும் சொன்னதில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுத்தம் செய்தவன் கை எட்டாத இடத்தில் அடையாற்றின் சேறு காய்ந்திருக்கும். சீட்டுக்கடியில் உள்ள போல்ட்டில் துரு, ஹெட்லைட்டுக்குள் நீராவி, கார் முழுக்கத் தாங்க முடியாத மல்லிகை வாசனை. அவ்வளவு மணக்கிற வண்டியை விட்டுத் தள்ளியே நில்லுங்கள்.

விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால் நல்ல வண்டிக்காரன் சந்தையை விட்டே போய்விடுவான், ஓட்டை உடைசல்தான் மிஞ்சும் என்று 1970-ல் ஜார்ஜ் அகெர்லோஃப் ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார்தான். வெளியாவதற்கு முன் மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. 'இது ரொம்பச் சாதாரண விஷயம்' என்று சொன்னவையும் அதில் உண்டு. அந்த ஆசிரியர்கள் பழைய கார் வாங்கியிருக்க மாட்டார்கள். 2001-ல் அகெர்லோஃபுக்கு நோபல் கிடைத்தது. நம் கண்ணாடி அறைக்காரர் அதே கோட்பாட்டைத் தினமும் நிரூபித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒரு கலைமாமணி கூட இல்லை.

இனி விலைக்கு வருவோம். "எங்களுக்கு இதுல லாபமே இல்ல சார். வாங்கின விலைக்கே தர்றோம்." தம்பி இதை நெஞ்சில் கை வைத்துச் சொல்லுவான். சரி என்று நாம் உருகி நிற்கும்போது அடுத்த வரி வரும்: "ஜிஎஸ்டி மட்டும் 18 பர்சென்ட் எக்ஸ்ட்ரா."

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடியது. பாப்கார்னில் உப்பா, சர்க்கரையா என்று பார்த்து வரி போட்ட அதே மகாசபை. பழைய கார்களுக்கு அதுவரை 12 என்றும் 18 என்றும் இருந்ததை 18 சதவீதமாக ஒன்றாக்கியதும் அங்கேதான். ஆனால் அந்த வரி காரின் விலைக்கு அல்ல. வியாபாரி வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும். 4,20,000-க்கு வாங்கி 5,00,000-க்கு விற்றால் வித்தியாசம் 80,000, வரி 14,400. வித்தியாசமே இல்லையென்றால் வரியும் இல்லை. ஆக, நெஞ்சில் கை வைத்துச் சொன்னது உண்மையானால் வரி பூஜ்யம். வரி உண்மையானால் நெஞ்சில் வைத்த கை பொய். ஐந்து லட்சத்துக்கும் சேர்த்து 90,000 கேட்டால் இரண்டும் பொய், நடுவில் 75,600 ரூபாய் எந்த அரசாங்கத்துக்குப் போகிறது என்று கண்ணாடி அறையைத்தான் கேட்க வேண்டும். 'அப்படியானால் நீங்கள் வாங்கிய ரசீதைக் காட்டுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். அதுவரை உங்களை அண்ணன் மாதிரி பார்த்தவர்கள் வருமான வரி அதிகாரி மாதிரி பார்ப்பார்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் புதிய சிறிய கார்களின் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனது. அன்றைக்கு வண்டியை விற்க வந்தவரிடம் என்ன பேச்சு? "புது வண்டியே விலை இறங்கிடுச்சு சார், பழசை யாரு கேக்கறா?" அடுத்த மேசையில் வாங்க வந்தவரிடம்? "இந்த மாடலுக்குச் செம டிமாண்ட் சார், மத்தியானம் ஒரு பார்ட்டி டோக்கன் போட வர்றாரு." அந்த மத்தியானப் பார்ட்டியைத் தமிழ்நாட்டில் இதுவரை யாரும் சாப்பாட்டு நேரத்துக்கு மேல் உயிரோடு பார்த்ததில்லை.

கையில் பணம் இல்லையா? "லோன் பண்ணிடலாம் சார், வெறும் ஒன்பது பர்சென்ட்." நாலு லட்சம், ஐந்து வருடம். வட்டி 1,80,000, மாதம் 9,667. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே இருக்கிறோம். வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு நாலு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் இது கிட்டத்தட்ட 16 சதவீதம். இந்த உண்மையான ஆண்டு விகிதத்தைத் தனித் தாளில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. தருகிறார்கள். பெருக்கல் குறி போட்ட இருபது கையெழுத்துகளுக்கு நடுவே, "இங்க, இங்க, அப்புறம் இங்க சார்" என்ற வேகத்தில், பேனா மூடி திறந்தபடி.

இத்தனைக்கும் மேலே, மூவாயிரத்தைக் குறைத்ததாக வீட்டில் போய்ப் பெருமை பேசுகிறோமே, அதற்காகத்தான் இந்த நாடகமே. விலையில் நம்மை ஜெயிக்க விட்டுவிடுவார்கள். விளையாட்டு நடப்பது காகிதத்தில்.

வண்டியை விற்க வருபவரிடம் படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். வாங்குபவர் பெயர் எழுத வேண்டிய இடம் காலி. அந்தக் காலி இடம் மேசை டிராயரில் மாதக்கணக்கில் தூங்கும். ஒரு யார்டிலிருந்து இன்னொரு யார்டுக்கு, சேலத்திலிருந்து கரூருக்கு, கரூரிலிருந்து திருச்சிக்கு வண்டி போகும்; காகிதமும் கூடவே போகும். ஆர்சி புத்தகத்தில் பழைய சொந்தக்காரர் பெயர் அப்படியே இருக்கும். நடுவில் வாங்கி, மீட்டர் குறைத்து, பெயின்ட் அடித்து, லாபம் பார்த்து விற்றவர்கள் பெயர் எங்குமே இருக்காது. எந்தப் பாவத்திலும் கைரேகை விழாத தொழில் இது.

ரேகை விழாததன் விலையை யார் கொடுக்கிறார்கள்? 2009-ல் நடந்த ஒரு விபத்து. பதிவேட்டில் பெயர் இருந்தவர் வண்டியை 2007-லேயே விற்றுவிட்டார். அதற்குப் பிறகு அது வரிசையாகக் கை மாறியிருந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர், பொறுப்பும் அவருடையதே என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் எழுத்து அப்படி. 2022 அக்டோபரில் கோவை உக்கடத்தில் கோயில் வாசலில் வெடித்த காரும் பல கை மாறி வந்ததுதான். ஒவ்வொரு கையாகப் பிடித்துக்கொண்டுதான் போலீஸ் போக வேண்டியிருந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமல். பழைய வண்டி வியாபாரி போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்றிதழ் வாங்க வேண்டும். வண்டி அவர் கைக்கு வந்ததைப் படிவம் 29சி-யில் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். டெஸ்ட் டிரைவ், மெக்கானிக் ஷெட் போன்ற காரணங்களுக்கு மட்டும்தான் வண்டி தெருவில் இறங்கலாம். ஒவ்வொரு ஓட்டத்தையும் மின்னணுப் பதிவேட்டில் எழுத வேண்டும். மதியம் யார்டு வண்டியில் பிரியாணி வாங்கப் போகும் தம்பி அதை எந்தத் தலைப்பில் பதிவு செய்கிறான் என்று அறிய ஆவலாயிருக்கிறது.

வண்டியை விற்று ஒரு வருடம் கழித்து, போகாத ஊரில் சிக்னல் மீறியதற்கு உங்கள் கைபேசிக்குச் சலான் வருகிறதே, படத்தோடு, நேரத்தோடு, தேதியோடு. அதே அரசாங்கத்தால் அந்த வண்டி எந்த யார்டில் நின்றது என்று மட்டும் கண்டுபிடிக்க முடிவதில்லை. ஹெல்மெட் போடாதவன் மூக்கை நூறு அடி தூரத்திலிருந்து அடையாளம் காணும் கேமராவுக்கு, நெடுஞ்சாலையோரம் நூறு கார்களோடு, சீரியல் விளக்கு போட்டு, பலூன் கட்டி நிற்கும் கடை தெரியவில்லை. சலானைத் தூக்கிக்கொண்டு யார்டுக்குப் போனால் கண்ணாடி அறையிலிருந்து பதில் வரும்: "நாங்க நடுவுல கன்சல்டிங் மட்டும்தான் சார். அது உங்களுக்கும் வாங்கினவருக்கும் உள்ள விஷயம்." லட்சக்கணக்கில் பணம் எண்ணிய மேசை அது. அப்போது நடுவில் இருந்தவர் இப்போது எங்கேயும் இல்லை. இதைப் பார்த்துக்கொண்டே ஆர்டிஓ அலுவலகத்தில் சீல் குத்துகிறவர்களுக்கு, காலி இடத்தில் நேற்று இரவு எழுதிய பெயரின் மை இன்னும் ஈரமாக இருப்பது கையில் ஒட்டுவதில்லை போலிருக்கிறது.

ஆகவே அடுத்த முறை விலையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். 'உங்கள் அங்கீகாரச் சான்றிதழைக் காட்டுங்கள், இந்த வண்டிக்குப் போட்ட 29சி நகலைக் கொடுங்கள்' என்று சத்தமாக, நாலு பேர் காதில் விழும்படி கேளுங்கள். கண்ணாடி அறைக்காரரே எழுந்து வெளியே வருவார். தோளில் கை போடுவார். நீங்கள் கேட்காமலே பத்தாயிரம் குறைப்பார். நாமும் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கேட்ட கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு, பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடக் குனிவோம். அதை நம்பித்தான் அவர் கடை வைத்திருக்கிறார்.