பக்கத்து ஷெட்காரரைப் பார்க்க அறுபது கிலோமீட்டர்

ஜனவரி கடைசியில் ஓசூர் சிப்காட்டில் ஒரு பட்டறை முதலாளியைத் தேடிப் போனால், “அண்ணன் இம்டெக்ஸ் போயிருக்காரு” என்பார்கள். பக்கத்து ஷெட்டிலும் அதே பதில். எதிர் ஷெட்டில் பதில் சொல்லவும் ஆள் இருக்காது.

இம்டெக்ஸ், லேத்தோடும் மில்லிங் மெஷினோடும் காலம் தள்ளுகிறவர்களின் திருவிழா. 1969-இல் பம்பாயில் தொடங்கியது. அதை நடத்தும் இந்திய இயந்திரக் கருவி உற்பத்தியாளர்கள் சங்கம், பெங்களூரு தும்கூர் சாலையில் மாதாவரா பக்கம் சொந்தமாகவே ஒரு சர்வதேசக் கண்காட்சி மையத்தைக் கட்டி 2007-இல் திறந்தது. ஓராண்டு உலோகத்தை வெட்டும் இயந்திரங்கள் முன்னிலை பெறும். மறு ஆண்டு வளைப்பதும் அமுக்குவதும். ஓசூர்க்காரர் அந்தப் பேதம் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் போவார்.

போவதுதான் பாடு. ஓசூர் பெங்களூருக்குத் தென்கிழக்கே. மையமோ நகரின் வடமேற்குக் கோடியில். ஜூஜூவாடி, அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, நைஸ் ரோடு என்று சுங்கம் கட்டிக் கட்டியே சுமார் அறுபது கிலோமீட்டர். 2024 நவம்பரில் பெங்களூரு மெட்ரோவின் பச்சைத் தடம் மாதாவரா வரை நீண்டது. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவிலிருந்து மஞ்சள் தடம் வந்தது. இப்போது ஆர்.வி. ரோட்டில் ஒரு முறை மாறினால் போதும். மஞ்சள் தடத்தில் ஓட்டுநர் இல்லாமலும் ஓடக்கூடிய ரயில். ஆப்பரேட்டர் லீவு போட்டால் தவித்துப்போகும் முதலாளிகள் அதைத்தான் ஏக்கத்தோடு பார்க்கிறார்கள்.

கண்காட்சிக்குள்ளே ஐந்து அச்சு இயந்திரம் ஒன்று அலுமினியக் கட்டியை டர்பைன் இறக்கையாகச் செதுக்கும். நம்மவர் கண்ணாடியில் மூக்கு பட நின்று பார்ப்பார். விலை கேட்பார். கேட்டபின் குரல் இறங்கிவிடும்: “கேட்லாக் இருக்கா?”

கேட்லாக் ஒரு சாக்கு; குறி பைமேல்தான். மற்ற எல்லாப் பைகளையும் விழுங்கக்கூடிய அளவில் ஒரு பையை எந்த ஸ்டாலில் தருகிறார்கள் என்ற செய்தி அரங்கு அரங்காகப் பரவும். பை தருமுன் கழுத்திலுள்ள பேட்ஜை ஸ்கேன் செய்வார்கள். தீபாவளி வரை போன் வரும்.

பைக்காகப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1947-இல் ஜெர்மனியின் ஹனோவரில் தொடங்கிய ஏற்றுமதிக் கண்காட்சி, இன்று உலகத் தொழில்துறையே கூடும் சந்தை. ரேஷன் காலத்தில் அங்கே கூப்பன் இல்லாமல் மீன் வைத்த பன் கிடைத்ததால், மக்கள் அதற்கு ‘மீன் பன் கண்காட்சி’ என்றே பெயர் வைத்தார்கள்.

மதியம் சாப்பாட்டு வரிசையில்தான் உண்மையான வியாபாரம். முன்னால் நிற்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் அவரும் ஓசூர், அவரும் சிப்காட், அவரும் ஜாப் ஒர்க். அவரிடம் சும்மா கிடக்கும் வி.எம்.சி. மெஷினுக்கு இவரிடம் ஆர்டர் இருக்கிறது. தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் விலை பேசி, கன்னடத்தில் தயிர்சாதம் வாங்கி விஷயம் முடிகிறது. இரண்டு ஷெட்டுக்கும் நடுவே ஒரு காம்பவுண்டு சுவர்தான்.

டைட்டனும் டி.வி.எஸ்.ஸும் அசோக் லேலண்டும் உள்ள ஓசூரிலேயே ஒரு மையம் கட்டக்கூடாதா? நியாயமான கேள்விதான். ஆனால் கிருஷ்ணகிரியில் நடக்கும் மாங்கனிக் கண்காட்சியைப் பாருங்கள். மாவட்டமெங்கும் மாந்தோப்பு. தோட்டத்தில் காய்ப்பதைக் கண்காட்சியில் என்ன பார்ப்பது என்று, வந்தவர்கள் மாம்பழ அரங்கை எட்டிப் பார்த்துவிட்டு ராட்டினத்துக்கு நடையைக் கட்டுகிறார்கள். ஆகவே ஓசூரில் மையம் கட்டப்போகும் புண்ணியவான்கள் டெல்லி அப்பளக் கடைக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டு, மிச்ச இடத்தில் மெஷின்களை வைக்கட்டும்.