கோடைகாலப் புஜபலம்: ஒரு பூர்வாங்க ஆய்வு

கோடை வருமுன் கையை இறுக்கித் திரட்டிவிட வேண்டும் என்ற கொள்கை குளிர்நாடுகளுக்கு உரியது. அங்கே மாதக்கணக்கில் கம்பளிக்குள் கிடந்த கை வெயில் வந்ததும் வெளியே வருகிறது. வரும்போது பார்க்கும்படி இருக்கட்டும் என்று அதன் உரிமையாளர் நினைப்பதில் தவறில்லை. இதே கொள்கையை நம்மூர் ஜிம்கள் தை மாதத்திலேயே பேனர் அடித்துத் தொங்கவிடும்போதுதான் ஆய்வுச் சிக்கல் எழுகிறது.

ஏனெனில் இங்கு நடப்பது நேர்மாறு. மார்கழியில் அரைக்கைச் சட்டையோடு ஊர் சுற்றிய கை, மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் காணாமல் போகிறது. ஸ்கூட்டரில் போகும் பெண்கள் முழங்கைக்கு மேல்வரை உறை மாட்டி, துப்பட்டாவால் முகத்தையும் சுற்றிக்கொள்கிறார்கள். சிக்னலில் பக்கத்தில் நிற்பது சொந்தத் தங்கையே ஆனாலும் வண்டி நம்பரை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படியானால் கோடைக்கென்று திரட்டிய கையை யார் பார்ப்பது? இக்கேள்வியை எழுப்பாமல் துறையினர் டம்பெல் எடை பற்றியே விவாதித்துக்கொண்டிருப்பது வருந்தத்தக்கது.

உடற்கூறு சுருக்கமாக: மேற்கையின் முன்னால் பைசெப்ஸ், பின்னால் ட்ரைசெப்ஸ். மேற்கைத் தசையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பின்னால்தான் இருக்கிறது. கண்ணாடியில் தெரிவது முன்பக்கம் என்பதால் இளைஞர் உழைப்பெல்லாம் அங்கேயே போகிறது. கல்யாணத்துக்கு முன்வாசலுக்கு மட்டும் வெள்ளையடித்த வீடு மாதிரி. டாட்டா காட்டி முடித்த பிறகும் சிறிது நேரம் தானாக ஆடும் அந்தப் பின்பகுதியே பலருடைய கவலை. அங்குள்ள கொழுப்பை அந்த இடத்துக்கு மட்டும் பயிற்சி கொடுத்துக் கரைக்க முடியாது. உடம்பு முழுவதும் குறையும்போது அங்கும் குறையும்; எங்கே முதலில் என்பது நம்மைக் கேட்டு நடப்பதில்லை. அடியிலுள்ள தசையை வளர்க்கலாம். தண்டால் போதும், நாற்காலி விளிம்பைப் பிடித்து உடம்பை இறக்கி ஏற்றினாலும் போதும். தசைக்கு வாரம் 2 நாளாவது வேலை கொடுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் தசையை ஏவ நரம்புகள் பழகிக்கொள்வதால் வருவது. திரட்சி கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். பொங்கல் கழிந்து ஜிம்மில் சேர்ந்தவருக்குச் சித்திரையில் பலன் தெரிய வேண்டும். அவர் மாசியிலேயே நின்றுவிடுகிறார்.

இனி எம் கருதுகோள்: தமிழ்நாட்டில் கைக்குப் பயிற்சி கொடுப்பதே கோடைதான். வற்றல் போடுவதை எடுத்துக்கொள்வோம். அரிசிக்கூழை அடிபிடிக்காமல் துடுப்பால் கிண்டுவது தோளுக்கு. வெயில் ஏறுமுன் மொட்டைமாடியில் குந்தி, முறுக்கு உழக்கை அழுத்தி வேட்டியில் வரிசையாகப் பிழிவது முழுக்க முழுக்க ட்ரைசெப்ஸுக்கு. கூழ் ஆறி இறுகிவிட்டால் சுமையும் தானாகக் கூடும். பிறகு மாங்காய் ஊறுகாய். பீங்கான் ஜாடியைத் தினமும் தூக்கிக் குலுக்க வேண்டும்; குலுக்க மறந்தால் பூஞ்சை பிடிக்கும். இப்படி நினைவூட்டும் பயிற்சியாளர் எந்த ஜிம்மிலும் இல்லை. தண்ணீர் தனி அத்தியாயம். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றிக் கிடந்தபோது லாரிக்கு ஓடியவர்கள் தூக்கிய 15 லிட்டர் குடம் ஒவ்வொன்றும் 15 கிலோ. இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பதை ஆய்வாளர்கள் குறித்துக்கொள்ளவும்.

புஜபலம் சரிந்த வரலாற்றில் 2011 முக்கியமான ஆண்டு. அரசு விலையில்லாமல் வழங்கிய மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகிய மூன்றும் முறையே அம்மி, ஆட்டுக்கல், பனையோலை விசிறியின் வேலையைப் பறித்தன. ஒரே திட்டத்தில் தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றுக்கும் கட்டாய ஓய்வு! ஆட்டுக்கல் போனதே, ஆரோக்கியம் போனதே என்று இன்றும் ஏங்குவோர் உண்டு. எம் கள ஆய்வில் அவர்கள் எல்லோரும் ஆண்கள். ஒருவரும் மாவாட்டியவர் இல்லை.

பார்வையாளர் யார் என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. வைகாசி முகூர்த்தத்துக்குப் பீரோவிலிருந்து எடுக்கும் போன வருடத்துப் பட்டு ரவிக்கைதான் அந்த நடுவர். அதன் கை பாதி ஏறி நிற்கும். ஆறு மாதம் சும்மா இருந்த கையும் அதில் நுழையாது. ஆறு மாதம் டம்பெல் தூக்கிய கையும் நுழையாது. இந்த முரண்பாட்டைத் தையற்கடைக்காரர் எப்போதோ தீர்த்து வைத்துவிட்டார். "உள்ள துணி விட்டிருக்கேன்க்கா, ரெண்டு தையல் பிரிச்சாப் போதும்" என்கிறார். ஏறியது தசையா, கொழுப்பா என்று அவர் கேட்பதே இல்லை.